திருகோணமலையில் பழைய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ வாங்கப்போகிறவர் பார்க்கவேண்டியவை

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் இன்று விளம்பரத்தில் வருகிற 2008–2018 ஆண்டு பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அவுடி கார்களுக்கு வயதும் கூட, விலையும் கூட, கண்ட கைகளும் கூட.

இதற்கு மேல் திருகோணமலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் கராஜும் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளும் இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில். பின்சக்கர இழுவை ஓட்டோமற்றிக் கார் வழியில் நின்றால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரமுடியாது. எஞ்சின் ஓடாதபோது கியர் பொக்ஸுக்குள் ஒயில் சுற்றாது, சக்கரம் சுழலச் சுழல உள்ளே தேயும். காரை ஏற்றிக்கொண்டு போக கேரியர் லொறிதான் வேண்டும். ஆகவே கொழும்புக்காரர் வாங்கக்கூடிய எல்லாக் காரும் நமக்குச் சரிவராது. கிடைக்கிற காசுக்குப் பெரிய மொடல் எடுப்பதை விட, கெட்டால் இங்கேயே திருத்தக்கூடிய மொடலை எடுப்பது மேல்.

பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்து வையுங்கள். காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருட வேலைகளுக்கென்று ஒதுக்கி, கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். முழுக் காசையும் விலையாகக் கொடுத்துவிட்டு, ஒயில் மாற்ற அடுத்த மாதச் சம்பளத்தைப் பார்த்திருப்பவர்கள்தான் ஒரு வருடத்துக்குள் நட்டத்தில் விற்கிறார்கள்.

எஞ்சின் குறியீட்டைக் கேளுங்கள்

"320டி, சூப்பர் கண்டிஷன்" என்று பி.எம்.டபிள்யூ விளம்பரத்தில் போடுவதில் ஒன்றுமில்லை. அதே பெயரில் வேறு வேறு எஞ்சின்கள் வந்திருக்கின்றன. சேசிஸ் இலக்கத்தின் 17 எழுத்துகளையும் வாங்கி இணையத்திலோ சாமான் கடையிலோ போட்டுப் பார்த்தால் எஞ்சின் குறியீடும் தயாரித்த மாதமும் வந்துவிடும். காரைப் பார்க்கப் போவதற்கு முதலே செய்யவேண்டிய வேலை இது.

பி.எம்.டபிள்யூ டீசலில் என்47 என்றால் கவனம். வால்வுகளை எஞ்சினின் சுழற்சிக்கு ஒத்து இயக்குகிற டைமிங் செயின் இதில் எஞ்சினின் முன்பக்கம் இல்லை, கியர் பொக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் கியர் பொக்ஸையோ எஞ்சினையோ இறக்கித்தான் வேலை செய்யலாம். 2007 தொடக்கம் 2011 வரை வந்தவற்றில் முறைப்பாடு அதிகம். ஐட்லிங்கில் (கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) டாஷ்போர்ட்டுக்குப் பின்னால், எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து உரசுகிற சத்தம் கேட்டால் விலை பேசவே வேண்டாம். 2014க்குப் பிறகு வந்த பி47 இந்த விடயத்தில் நல்லது. பெற்றோலில் என்20 என்றால் 2015 ஆரம்பத்துக்கு முன் தயாரானவற்றில் கவனம். அவற்றின் செயின் வழிகாட்டி பிளாஸ்ரிக் உடைந்து எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் சட்டிக்குள் விழுந்து, ஒயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். வேகம் கூட்டும்போது கூவுகிற மாதிரி மெல்லிய சத்தம் வருவது முதல் அறிகுறி. பழைய என்46இல் வால்வ் சீல் போகும். கார் பத்து நிமிடம் ஐட்லிங்கில் நின்ற பிறகு அக்சிலரேற்றரை மிதியுங்கள். பின்னால் நீலப் புகை குப்பென்று வந்தால் அதுதான்.

பென்ஸ் சி கிளாஸில் டபிள்யூ 204 தலைமுறையை வாங்குபவர் எம்271 எஞ்சினைத் தெரிந்திருக்க வேண்டும். செயின் இழுபட்டு, கேம்ஷாஃப்ற் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பற்சக்கரம் தேயும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று விநாடிக்குத் தகரப் பேணியில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வரும். எம்271, எம்274 இரண்டிலும் கேம்ஷாஃப்ற் மக்னற் கசிந்து, ஒயில் வயர் வழியாகவே ஊர்ந்து போகும். மக்னற்றின் பிளக்கைக் கழற்றி உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இருந்தால் மக்னற்றோடு நிற்காது, வயர் கட்டும் சென்சரும் கணக்கில் சேரும். டீசல் ஓஎம்651 நீண்டகாலம் உழைக்கும் எஞ்சின். 2009–2011 காலத்து இன்ஜெக்டர்கள் மட்டும் பிரச்சினைப்பட்டவை. மாற்றின பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். டபிள்யூ 211 ஈ கிளாஸில் 2006 நடுப்பகுதிக்கு முந்தியவை மின்சார பிறேக் பம்புடன் வந்தவை. அந்தப் பம்ப் எத்தனை முறை பிறேக் மிதிக்கப்பட்டதென்று எண்ணிக்கொண்டே வந்து, எல்லை முடிந்ததும் எச்சரிக்கை காட்டும். மாற்றுவது பெருஞ்செலவு. இந்த மொடலைத்தான் எடுப்பேன் என்றால் 2007 அல்லது அதற்குப் பிந்தியதாகப் பாருங்கள்.

அவுடி ஏ4இன் 2008–2012 காலத்து 1.8, 2.0 ரர்போ பெற்றோல் எஞ்சின்கள் ஒயில் குடிக்கும். பிஸ்ரன் வளையத்தின் துவாரங்கள் மிகச் சிறியவை, கரி படிந்து அடைத்துவிடும். 1000 கி.மீ.க்கு அரை லீற்றருக்கு மேல் குடித்தால் பிஸ்ரன் மாற்றும் வேலை வரை போகும். இவற்றில் பலவற்றுக்கு டிப்ஸ்டிக்கே இல்லை, திரையில்தான் அளவு தெரியும். விற்பவர் டிக்கியில் ஒரு லீற்றர் ஒயில் கலன் வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கியர் பொக்ஸ்

பி.எம்.டபிள்யூவின் இசட்.எஃப் 8 கியர் ஓட்டோமற்றிக் நம்பக்கூடியது. "ஆயுள் முழுவதும் ஒயில் மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். செய்த கம்பனியே 80,000–120,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. கீழ்ச் சட்டி பிளாஸ்ரிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும். இரண்டும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒயில் அளவை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கியர் ஒயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டுதான் சரிப்படுத்தலாம். சூடு பார்க்காமல் ஊற்றுகிற கராஜில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பென்ஸின் 7 கியர் பொக்ஸில் 2010 நடுப்பகுதி வரை சிவப்பு ஒயில், அதற்குப் பிறகு வந்தவற்றில் நீல ஒயில். ஒன்றுக்கு மற்றது ஊற்றின கார் இங்கே குறைவில்லை. இதில் உள்ளே இருக்கும் மின் தட்டின் வேக சென்சர் போனால் கார் ஒரே கியரில் சிக்கி நிற்கும்.

அவுடி ஏ3 போன்ற சிறிய எஞ்சின் கார்களில் வருகிற 7 கியர் உலர் கிளச் (ஒயிலில் ஊறாத கிளச்) பொக்ஸ் நம் ஊர் வெயிலுக்கும் மெதுவாக ஊர்கிற போக்குவரத்துக்கும் ஏற்றதல்ல. கிளச் சூடாகும், நகரத் தொடங்கும்போது உதறும். பழைய ஏ4, ஏ6இல் வந்த செயின் வகை சி.வி.ரி.யையும் (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோமற்றிக்) தவிர்த்துவிடுங்கள்.

கியர் பொக்ஸ் எதுவென்றாலும் பரிசோதனையை இப்படிச் செய்யுங்கள்: பிறேக்கை மிதித்துக்கொண்டு ரிவர்சுக்கும் டிரைவுக்கும் மாறி மாறிப் போடுங்கள். ஒரு விநாடிக்கு மேல் யோசித்துவிட்டு "டக்" என்று பிடித்தால் குறை இருக்கிறது. இதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், அரை மணித்தியாலம் ஓடின பிறகு ஒருமுறையும் செய்யவேண்டும்.

உப்பும் வெள்ளமும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் நின்ற கார் வெளியே பளபளக்கும். ஐரோப்பியக் கார்களின் உடல் துத்தநாகப் பூச்சு உள்ளது, எளிதில் துருப்பிடிக்காது. உப்புக்காற்று கெடுப்பது வேறு இடங்களை. காரைத் தூக்கி வைத்துப் பின் சப்ஃப்ரேம் (பின்சக்கரக் கைகளைத் தாங்கும் சட்டம்), ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிறேக் குழாய்கள், ஏசி கண்டென்சரின் கீழ் விளிம்பு ஆகியவற்றை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பொனற்றுக்குள் எர்த் வயர் போல்ட்டுகளையும் பிளக்குகளையும் திறந்து பாருங்கள். செம்பில் பச்சைப் பூசணம் மாதிரிப் படிந்திருந்தால் அந்தக் கார் வருடக்கணக்கில் கடலோரம் திறந்த வெளியில் நின்றது. அப்படிப்பட்ட காரில் இன்று ஏ.பி.எஸ் விளக்கு எரியும், நாளை பார்க்கிங் சென்சர் போகும், என்ன மாற்றினாலும் தீராது.

வெள்ளம் பட்ட கார் இன்னும் மோசம். 2016 மே மாதம் கொழும்புப் பக்கம் வந்த வெள்ளத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாடெங்கும் வந்த வெள்ளத்திலும் மூழ்கின கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுங்கள். அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கும். சீற் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டிக்கிக் கம்பளத்தின் கீழ் மண் இருக்கிறதா என்று பாருங்கள். முன் கம்பளத்தைக் கையால் அமத்தினால் கீழே உள்ள தடித்த பஞ்சு ஈரமாக இருக்கக்கூடாது. ஐரோப்பியக் கார்களின் மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் பல கம்பளத்துக்குக் கீழேயும் டிக்கிக்குள்ளேயும்தான் இருக்கும். ஈரம் என்றால் எல்லாமே வெள்ளம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். சன்ரூஃப் உள்ள காரை வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினால் பூவும் சருகும் வடிகுழாயை அடைத்து, மாரி மழை முழுவதும் உள்ளே இறங்கும். காரணம் எதுவானாலும் நனைந்த பெட்டி நனைந்ததுதான்.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். குளிர் எஞ்சின் சத்தம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்கும்.

கூலன்ற் கலனைத் திறந்து பாருங்கள். நிறமுள்ள கூலன்ற் இல்லாமல் வெறும் கிணற்றுத் தண்ணீர் இருந்தால், அடியில் செம்மண் நிறம் படிந்திருந்தால், உள்ளே சவர் பிடித்திருக்கிறது. பல பி.எம்.டபிள்யூக்களில் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவித்தல் இல்லாமல் நிற்கும். ரேடியேற்றர் முனைகளும் பிளாஸ்ரிக். கந்தளாய் தாண்டின காட்டுப் பாதையில் எஞ்சின் கொதித்தால் யானைக்குத் துணையாக நிற்கவேண்டியதுதான். எஞ்சினை அன்று காலைதான் கழுவியிருந்தால் ஒயில் கசிவு பார்க்க முடியாது. ஓடிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி அடியில் பாருங்கள். வால்வ் மூடி, ஒயில் ஃபில்டர் தாங்கி இவ்விரண்டு இடத்துக் கசிவும் பி.எம்.டபிள்யூவில் வழமை, அது பேரம் பேசும் விடயம் மட்டுமே.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. ஆறு வருடத்துக்கு மேற்பட்டவற்றை மாற்றும் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூ பெரும்பாலும் காற்றுப் போனாலும் ஓடும் ரன்ஃப்ளற் ரயருடன் வந்தது, டிக்கியில் ஸ்பெயார் சக்கரம் இல்லை, ஜாக்கும் இல்லை. விலை குறைவென்று யாராவது சாதாரண ரயர் போட்டிருந்தால் ஹபரணைப் பாதையில் ஒரு ஆணி போதும். பஞ்சர் கிற்றும் காற்றுப் பம்பும் வாங்கி வையுங்கள்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள காரென்றால் முதல்நாள் மாலை நிறுத்தின உயரத்தைப் படம் எடுக்கச் சொல்லி, காலையில் ஒப்பிடுங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் ரப்பர் பையில் வெடிப்பு விழுந்து காற்றுக் கசிகிறது. எட்டுப் பத்து வருடத்தில் அவை எல்லாமே அந்த நிலைக்கு வரும். கசியும் பையை ஈடுகட்டிக் கொம்பிரசரும் எரிந்துபோகும். நமது ஆலோசனை: இரும்பு ஸ்பிரிங் உள்ளதை எடுங்கள்.

ஏசியைச் சோதிக்க மதியம் வரவேண்டும். நடுப்பகல் வெயிலில் ஒரு சமையல் வெப்பமானியைக் காற்று வரும் துவாரத்தில் செருகி, பத்து நிமிடம் ஐட்லிங்கில் பாருங்கள். 12 பாகைக்குக் கீழே இறங்கவேண்டும். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடானால் விசிறி, காஸ் குறைவு அல்லது தளர்ந்த கொம்பிரசர். உள் குளிரூட்டிச் சுருள் கசிந்தால் டாஷ்போர்ட் முழுவதையும் கழற்றவேண்டும். சாமானை விடக் கூலி கூட.

ஓட்டிப் பார்ப்பதற்கு நகரத்துக்குள் கால் மணித்தியாலம், பிறகு கன்னியா தாண்டி அநுராதபுரம் வீதியில் அரை மணித்தியாலம். 80–100 வேகத்தில் பிறேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பிறேக் தட்டு வளைந்திருக்கலாம், அல்லது முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைகளின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். பெயின்ற் அளக்கும் மீற்றர் கிடைத்தால் எல்லாத் தகட்டிலும் வையுங்கள். கம்பனிப் பூச்சு 100–150 மைக்ரோன் அளவில் வரும், 300க்கு மேல் காட்டினால் அங்கே டிங்கர் வேலை நடந்திருக்கிறது.

ஸ்கேன்

எல்லாக் காருக்கும் பொருந்துகிற மலிவு ஸ்கேனர் எஞ்சினை மட்டும் வாசிக்கும். பென்ஸுக்கு ஸென்ட்ரி, பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்ரா, அவுடிக்கு ஓடிஸ் அல்லது வி.சி.டி.எஸ். இந்த ஸ்கேன் மென்பொருள்கள் வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொழும்பிலிருந்து வரவழைத்தாலும் அந்தக் கூலி நட்டமல்ல. மூன்று விடயம் கேளுங்கள். ஒவ்வொரு மின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் பதிவான கி.மீ. எவ்வளவு? மீற்றரைக் குறைப்பவர்கள் எல்லாப் பெட்டியையும் குறைப்பதில்லை. கார் தானே செய்யும் சுயபரிசோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா? முடியாமல் இருந்தால் நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் பிழைக் குறிகளை அழித்திருக்கிறார்கள். டீசலென்றால் புகை வடிகட்டியில் எவ்வளவு கரி?

வந்த நாட்டையும் பாருங்கள். இங்கிலாந்தில் இருந்து வந்த காரின் மீற்றர் மைலில் இருக்கும். 60,000 மைல் என்பது 96,500 கி.மீ.க்கும் மேல், அதைத் தரகர் கிலோமீற்றராகவே சொல்லுவார். ஜப்பானில் இருந்து வந்ததென்றால் வானொலி 76இல் தொடங்கி 90 அல்லது 95இல் நின்றுவிடும், மெனு ஜப்பானிய மொழியில் இருக்கும்.

டீசலா, பெற்றோலா, பிளக்-இன் ஹைபிரிட்டா

ஓர்ஸ் ஹில்லில் இருந்து கச்சேரிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும்தான் ஓட்டமென்றால் டீசல் வேண்டாம். புகை வடிகட்டி தன்னைத்தான் எரித்துச் சுத்தம் செய்ய 15–20 நிமிடம் நிற்காமல் 60க்கு மேல் ஓடவேண்டும். கிழமைக்கு ஒருமுறை கந்தளாய் வரை போய்வருபவருக்குப் பிரச்சினையில்லை. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது குடைந்து எடுத்துவிட்டார்கள். இந்தக் கார்களுக்குச் சூப்பர் டீசல்தான், ஓட்டோ டீசல் அல்ல. ரர்போ பெற்றோலுக்கு 95 ஒக்ரேன்.

பி.எம்.டபிள்யூ 330ஈ, பென்ஸ் சி350ஈ போன்ற, சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்டுகள் வரி குறைவென்று ஒருகாலம் நிறைய வந்தன. பற்றரி முறையே 7.6, 6.2 கிலோவாற் மணி. புதிதாக இருந்தபோதே ஏசியோடு 20–25 கி.மீ.தான் மின்சாரத்தில் ஓடின. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். உயர் மின்னழுத்த வயரில் கைவைக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

காகிதங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ், எஞ்சின் இலக்கங்களைக் காரில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கண்ணாடிக்குக் கீழே தெரிவது, கதவுத் தூணில் ஒட்டியது, உடலில் பொறித்தது மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். லீசிங் கம்பனி முழு உரிமையாளராகப் பதிவாகியிருந்தால் கடன் தீர்த்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வரிச்சலுகைப் பேர்மிட்டில் வந்த காரென்றால் கைமாற்றத் தடைக்காலம் முடிந்ததா என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். "ஓபன் பேப்பரில்" (பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட படிவத்தோடு) மூன்று கை தாண்டி வந்த கார் எவ்வளவு நல்லதானாலும், கையெழுத்து வைத்தவர் வெளிநாட்டில் இருந்தால் உரிமை மாற்றம் இழுபடும். இரண்டு சாவியும் இருக்கவேண்டும்; ஒன்றுதானென்றால் மற்றதைச் சேசிஸ் இலக்கம் கொடுத்து ஓடர் செய்யும் செலவை விலையில் கழியுங்கள்.

வாங்கின முதல் மாதம்

எஞ்சின் ஒயில்: என்20க்கு 5 லீற்றர், என்47க்கு 5.2, எம்271க்கு 5.5, ஓஎம்651க்கு 6.5. கலனில் பென்ஸ் 229.5 அல்லது டீசலுக்கு 229.51, பி.எம்.டபிள்யூ டீசலுக்கு எல்எல்-04, பெற்றோலுக்கு எல்எல்-01 என்ற தரக்குறியீடு அச்சாகியிருக்க வேண்டும். கார் 20,000 கி.மீ. வரை போகலாம் என்று காட்டும், நம் சூட்டில் 8,000க்கே மாற்றுங்கள். பிறேக் ஒயில் டொட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கூலன்ற்றை முழுவதும் இறக்கி, சரியான வகையை வடித்த நீரோடு சமனாகக் கலந்து ஊற்றுங்கள். ஸ்டார்ட்-ஸ்டொப் (கார் நின்றதும் எஞ்சின் தானாக அணையும் வசதி) உள்ள காருக்கு ஏ.ஜி.எம் பற்றரிதான். பி.எம்.டபிள்யூவில் புதிய பற்றரி போட்டதை ஸ்கேனரால் காருக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் பழைய பற்றரிக்கு ஏற்றிய அளவிலேயே ஏற்றிப் புதியதையும் கெடுத்துவிடும்.

சாமான் வாங்கும்போது பென்ஸ் நட்சத்திரம் போட்ட கம்பனிப் பெட்டியைத் தேடிக் காசைக் கொட்டத் தேவையில்லை. கை, புஷ் வகைக்கு லெம்ஃபோர்டர், ஷொக்குக்கு ஸாக்ஸ், ஃபில்டருக்கு மான் அல்லது மாலே, மின் சாமானுக்கு பொஷ். தொழிற்சாலைக்குச் செய்துகொடுப்பவர்களே இவர்கள். கடைக்காரருக்கு மொடல் பெயரைச் சொல்லாமல் சேசிஸ் இலக்கத்தையே அனுப்புங்கள். ஒரே வருடத்து ஒரே மொடலில் இரண்டு வகை பிறேக் தட்டு இருக்கும், பிழையானதைத் திருப்பி அனுப்பக் கொழும்பு பஸ்ஸில் போட்டு இன்னும் இரண்டு நாள் காத்திருக்கவேண்டி வரும். கடற்கரைப் பக்கம் வீடென்றால் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், கிணறு உவரென்றால் குழாய்த் தண்ணீரால்.